‘உலு’ என்று ஒதுக்கிய வடக்கில் வீடு: ஈசூன், செம்பவாங், உட்லண்ட்சுக்குக் குடிபெயரும் குடும்பங்கள் கணக்கிட வேண்டியவை

வடக்கே வீடு பார்த்திருப்பதாகச் சொன்னால், லிட்டில் இந்தியா வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடமிருந்து முதலில் வரும் சொல் ‘உலு’. மலாய் மொழியிலிருந்து நம் பேச்சில் ஒட்டிக்கொண்ட அந்தச் சொல்லுக்குக் காடு, ஒதுக்குப்புறம், பேருந்து வராத இடம் என்று எல்லாப் பொருளும் உண்டு. சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியாக அவர்களே வீட்டு விலையை விசாரிப்பார்கள்.

விலை வித்தியாசம் உண்மையானது. 2024ஆம் ஆண்டு நிலவரப்படி ஈசூன், உட்லண்ட்ஸ் வட்டாரங்களில் நான்கறை மறுவிற்பனை வீடு ஒன்று 550,000 வெள்ளியை ஒட்டிய விலையில் கைமாறியது. தேக்காவுக்குப் பக்கத்தில் உள்ள காலாங்-வாம்போ வட்டாரத்தில் அதே நான்கறை வீட்டுக்கு 800,000 வெள்ளியைச் சுற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. பஃபலோ ரோடு, ரோவல் ரோடு, சந்தர் ரோடு அடுக்குமாடிகளில் பெற்றோருடன் சேர்ந்து வாழும் இளம் தம்பதிக்கு, இரண்டாவது குழந்தை பிறக்கும் நேரத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். வடக்கே கூடுதலாக ஓர் அறையும் சன்னலுக்கு வெளியே மரமும் கிடைக்கும் என்பதும் பொய்யல்ல.

ஆனால் விலைப்பட்டியலைப் பார்த்து மட்டும் எடுக்கும் முடிவு இது அல்ல. வீட்டை வாங்கும்போது இருக்கும் விதிகள், பத்து ஆண்டுகள் கழித்து விற்கும்போதும் இருக்கும். தாத்தா பாட்டி யாருடன் இருப்பார்கள் என்பது, கிடைக்கும் மானியத்தையே மாற்றிவிடும்.

பதினான்காம் கட்டைக்கு அப்பால்

வடக்கை ஏதோ தமிழர் காலடி படாத இடம்போலப் பேசுவது சரித்திரத்துக்குப் பொருந்தாது. சாலைகளுக்கு இத்தனை பெயர்கள் வருமுன், நகரத்திலிருந்து எத்தனையாவது கட்டை என்று மைல் கணக்கில் இடத்தைச் சொன்ன காலத்திலேயே அங்கே தமிழர்கள் இருந்தனர்.

முதலில் இழுத்தது ரப்பரும் அன்னாசியும். அன்னாசி, ரப்பர் தொழிலில் பெயர்பெற்ற லிம் நீ சூன் (1879-1936) பெயரில்தான் நீ சூன் கிராமம் உருவானது. அந்தப் பெயரின் மாண்டரின் உச்சரிப்பே இன்றைய ஈசூன். அவருடைய மகன் லிம் சோங் பாங் பெயரைத் தாங்கிய சோங் பாங் கிராமம் செம்பவாங் பக்கம் இருந்தது. செம்பவாங் என்ற பெயரே ஒரு மரத்தின் பெயர்.

இரண்டாவது இழுப்பு மிகப் பெரியது. பிரிட்டிஷ் அரசு 1920களில் திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய கடற்படைத் தளம், 1938 பிப்ரவரி 14ஆம் தேதி திறக்கப்பட்டது. மூத்தவர்கள் இன்றும் அதை ‘நேவல் பேஸ்’ என்றுதான் சொல்வார்கள். கப்பல் பழுதுபார்க்கும் துறையிலும் கிடங்குகளிலும் அலுவலகங்களிலும் தமிழர்களும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் வேலை செய்தனர். கேன்பரா, வெலிங்டன், மான்ட்ரியல், ஜிப்ரால்டர் எனப் பேரரசின் ஊர்ப்பெயர்கள் செம்பவாங் சாலைகளில் இன்றும் நிற்பது அந்தக் காலத்தின் மிச்சம். அதிகாரிகளின் கறுப்பு வெள்ளை பங்களாக்கள் ஒருபக்கம், தொழிலாளர் குடியிருப்புகள் இன்னொரு பக்கம். குடியிருப்புகளுக்கு வெளியே சோங் பாங் கிராமம். அங்கே கடைகளும் சுல்தான் திரையரங்கும் இருந்தன.

பிரிட்டிஷ் படைகள் 1971 இறுதிக்குள் வெளியேறும் என்று 1968 ஜனவரியில் அறிவிப்பு வந்தபோது, இந்தக் குடும்பங்களின் தலைமேல் இடி விழுந்தது. அப்போது சிங்கப்பூர்ப் பொருளியலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ராணுவத் தளங்களைச் சார்ந்திருந்தது. அதே ஆண்டு துறைமுகப் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து செம்பவாங் கப்பல் பட்டறையானதால் பலருக்கு வேலை தப்பியது. வேலை போனவர்களில் ஊருக்குத் திரும்பியவர்கள் உண்டு. இங்கேயே வேறு வேலை தேடிக்கொண்டவர்களும் உண்டு. 1980களில் சோங் பாங் கிராமம் காலிசெய்யப்பட்டது. ஈசூன் புதுநகரின் ஒரு பகுதி அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது. இன்று சோங் பாங் சந்தையில் மீன் வாங்கும் பாட்டிகளில் சிலர், தாம் எங்கும் ‘குடிபெயர்ந்ததாக’ நினைப்பதே இல்லை. கம்பத்திலிருந்து அடுக்குமாடிக்கு மாறினார்கள், அவ்வளவுதான்.

இந்த வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. கடற்படைத் தளத் தொழிலாளர்கள் விட்டுச்சென்றவை கோவிலாகவும் தேவாலயமாகவும் இன்றும் வடக்கே உள்ளன. புதிதாகப் போகும் குடும்பம் எல்லாவற்றையும் தேக்காவிலிருந்து சுமந்துகொண்டு போகவேண்டியதில்லை.

மாதத் தவணை என்ன சொல்கிறது

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கடன், 2024 ஆகஸ்ட் 20 முதல் வீட்டு விலையில் 75 விழுக்காடு வரைதான். வட்டி 2.6 விழுக்காடு. கடன் காலம் அதிகபட்சம் 25 ஆண்டுகள். இந்தக் கணக்கில் ஒவ்வொரு 100,000 வெள்ளிக் கடனுக்கும் மாதம் ஏறத்தாழ 454 வெள்ளி கட்ட வேண்டும்.

மேலே சொன்ன இரண்டு வீடுகளுக்கும் இடையே விலை வித்தியாசம் 250,000 வெள்ளி. அதில் முன்பணமாக 62,500 வெள்ளி மிச்சமாகும். மீதிக் கடன் வித்தியாசத்தால் மாதம் ஏறத்தாழ 850 வெள்ளி குறையும். ஒரு குழந்தையின் பாலர் பராமரிப்புக் கட்டணமும் வீட்டுச் செலவில் ஒரு பகுதியும் அதில் அடங்கிவிடும்.

அதைவிட முக்கியமானது, கடன் கிடைக்குமா என்பது. மாதத் தவணை, குடும்பத்தின் மொத்த மாத வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. எவ்வளவு கடன் தரலாம் என்று கணக்கிடும்போது வீவக 3 விழுக்காட்டு வட்டியை வைத்தே பார்க்கும். அப்படிப் பார்த்தால் 550,000 வெள்ளி வீட்டுக்கு 75 விழுக்காட்டுக் கடன் வேண்டுமானால் குடும்ப வருமானம் ஏறத்தாழ 6,500 வெள்ளி இருக்க வேண்டும். 800,000 வெள்ளி வீட்டுக்கு ஏறத்தாழ 9,500 வெள்ளி. மானியமும் மத்திய சேம நிதியில் (மசேநி) உள்ள பணமும் கடனைக் குறைக்கும் என்றாலும், இருவரும் வேலைசெய்யும் பல தமிழ்க் குடும்பங்களுக்கு வடக்கு என்பது விருப்பத் தேர்வே அல்ல, எட்டக்கூடிய ஒரே இடம்.

முதல்முறை வாங்கும் குடியுரிமைத் தம்பதி மறுவிற்பனை வீடு வாங்கினால், நான்கறை அல்லது அதைவிடச் சிறிய வீட்டுக்கு 80,000 வெள்ளியும், ஐந்தறை அல்லது பெரிய வீட்டுக்கு 50,000 வெள்ளியும் மசேநி வீட்டு மானியம் உண்டு. சராசரி மாத வருமானம் 9,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு வருமானத்துக்கு ஏற்ப 120,000 வெள்ளி வரை கூடுதல் மானியம் கிடைக்கும். எந்தப் பேச்சையும் தொடங்குமுன் வீவக வீட்டுத் தகுதிக் கடிதத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது கையில் இல்லாமல் விற்பவரிடம் விருப்புரிமைப் பத்திரம் வாங்க முடியாது. கடிதம் ஒன்பது மாதம் செல்லும்.

பத்திரம் வாங்கிய பிறகுதான் வீவக வீட்டை மதிப்பிடும். பேசிய விலை அந்த மதிப்பைவிட அதிகமாக இருந்தால், மிச்சத் தொகையை ரொக்கமாகவே கொடுக்க வேண்டும். கடனிலோ மசேநியிலோ எடுக்க முடியாது. வடக்கில் விலை குறைவு என்ற மிதப்பில் 20,000 வெள்ளி கூடுதலாகப் பேசிவிட்டு, பிறகு நகையை அடகு வைக்கும் நிலை வரக்கூடாது. முத்திரைத் தீர்வையையும் மறக்கவேண்டாம். 550,000 வெள்ளி வீட்டுக்கு அது 11,100 வெள்ளி.

நிரந்தரவாசிக் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. கணவன் மனைவி இருவரும் நிரந்தரவாசிகளாக இருந்தால் மூன்றாண்டு காத்திருந்த பிறகே மறுவிற்பனை வீடு வாங்கலாம். மானியம் கிடையாது. முதல் வீட்டுக்கே 5 விழுக்காடு கூடுதல் முத்திரைத் தீர்வை உண்டு. 550,000 வெள்ளி வீட்டுக்கு அது மட்டும் 27,500 வெள்ளி.

வாங்கும்போது கேட்காத கேள்வி

தமிழ்க் குடும்பங்கள் வீடு வாங்கும்போது அதிகம் கவனிக்காமல், விற்கும்போது முட்டிக்கொள்ளும் விதி ஒன்று உண்டு: இன ஒருங்கிணைப்புக் கொள்கை.

1989 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள இந்தக் கொள்கை, ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு புளோக்கிலும் அக்கம்பக்கத்திலும் உச்ச வரம்பு வைக்கிறது. இந்தியர், இதர இனத்தவர் பிரிவுக்கு 2010 முதல் அந்த வரம்பு அக்கம்பக்கத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு. அதற்கு முன் 10, 13 விழுக்காடாக இருந்தது. ஒரே இனத்தவர் ஓரிடத்தில் குவிந்துவிடாமல் இருக்க வகுத்த ஏற்பாடு இது. அதன் நோக்கத்தை இங்கே விவாதிக்கப்போவதில்லை. வீடு வாங்குபவரின் பையில் அது எப்படிக் கைவைக்கிறது என்பதுதான் நம் கவலை.

முதல் கட்டம், வாங்குவது. நீங்கள் பார்த்து ஆசைப்பட்ட புளோக்கில் இந்தியர் வரம்பு நிரம்பியிருந்தால், அங்கே சீனரோ மலாய்க்காரரோ விற்கும் வீட்டை உங்களால் வாங்க முடியாது. இன்னோர் இந்தியர் அல்லது இதர இனத்தவர் விற்கும் வீட்டைத்தான் வாங்கலாம். அப்போது அந்த விற்பனையாளர் விலையில் பிடிவாதமாக இருப்பார். உங்களுக்கும் வேறு வழியில்லை. கோவில், சந்தை, ரயில் நிலையம் எல்லாம் அருகில் என்று நம்மவர்கள் விரும்பும் புளோக்குகளில் இப்படி நடக்கும்.

இரண்டாவது கட்டம்தான் வலிக்கும். நீங்கள் விற்கும் காலத்தில் அந்த புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருந்தால், உங்கள் வீட்டைச் சீனர் வாங்க முடியாது. நாட்டின் பெரும்பான்மை வாங்குவோர் பட்டியலிலிருந்தே போய்விடுகிறார்கள். குடியிருப்பாளர்களில் இந்தியர் 9 விழுக்காடு. மலாய்க்காரரையும் சேர்த்தாலும் வாங்கக்கூடியவர் கூட்டம் சிறியது. பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் ஒரே மாதத்தில் விற்றுவிட்டுப் போகும். நீங்கள் விலையைக் குறைத்துக்கொண்டே ஆறு மாதம் காத்திருக்க நேரலாம். இந்தச் சிக்கலை அரசாங்கமும் ஒப்புக்கொண்டு, நீண்ட காலம் முயன்றும் விற்க முடியாத உரிமையாளர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2022இல் கொண்டுவந்தது. அதற்கு நிபந்தனைகள் உண்டு, எல்லாருக்கும் பொருந்தாது.

என்ன செய்யலாம்? வரம்பு நிலவரத்தை வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். மாதந்தோறும் முதல் தேதியில் அது புதுப்பிக்கப்படும். இந்தியர் வரம்போடு நிறுத்தாமல் சீனர் வரம்பையும் பாருங்கள். சீனர் வரம்பு ஏற்கெனவே நிரம்பியிருக்கும் புளோக்கில் இந்தியர் ஒருவர் கொஞ்சம் மலிவாக விற்கிறார் என்றால், அந்த மலிவுக்குக் காரணம் வீட்டில் இல்லாமல் வரம்பில் இருக்கலாம். நாளைக்கு அதே மலிவு விலையில்தான் நீங்களும் விற்க நேரும் என்று எண்ணிப் பேரம் பேசுங்கள். முகவர்கள் இதைத் தாமாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

நிரந்தரவாசிகளுக்கு இதற்குமேல் தனி வரம்பும் உண்டு. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிக் குடும்பங்கள் அக்கம்பக்கத்தில் 5 விழுக்காடு, புளோக்கில் 8 விழுக்காடு.

குத்தகைக் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈசூனின் பழைய அடுக்குமாடிகள் 1980களில் எழுந்தவை. 99 ஆண்டுக் குத்தகையில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்தான் மிச்சம் இருக்கும். வாங்குவோரில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை நீடித்தால்தான் மசேநி பணத்தை முழுமையாகப் பயன்படுத்தலாம். 30 வயதுத் தம்பதிக்கு 65 ஆண்டுகள் மிச்சம் வேண்டும். ஆகவே பழைய ஈசூன் வீடு நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பொருந்தும் அளவுக்கு இளையோருக்குப் பொருந்தாது. செம்பவாங்கில் வீடுகள் பெரும்பாலும் அதைவிடப் புதியவை.

தாத்தா பாட்டி எங்கே?

நம் வீடுகளில் பிள்ளை வளர்ப்பு பாட்டியின் கையில்தான். பேரன் பள்ளிவிட்டு வந்ததும் சோறு போடுவது முதல் தமிழில் பேசிப் பழக்குவது வரை அவர்தான் செய்கிறார். மகன் ஈசூனுக்குப் போய், அம்மா சிராங்கூன் சாலைப் பக்கத்திலேயே இருந்துவிட்டால், இந்த ஏற்பாடு முறிந்துபோகும். காலையில் அம்மா ரயிலேறி வடக்கே வந்து, மாலையில் திரும்புவது ஒரு வருடம் நடக்கும். முழங்கால் வலி வந்ததும் நின்றுவிடும்.

அரசாங்க மானியமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பம் பெற்றோருடன் சேர்ந்து வாழ்ந்தால் 30,000 வெள்ளி. பெற்றோர் வீட்டுக்கு 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000 வெள்ளி. பெற்றோர் தேக்காவிலும் நீங்கள் ஈசூனிலும் என்றால் ஒன்றுமில்லை. பெற்றோரையும் அழைத்துக்கொண்டு போனால் மானியமும் உண்டு, பாட்டியும் உண்டு. பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பித்தாலும், பெற்றோரும் பிள்ளைகளும் அருகருகே கேட்பதற்கு முன்னுரிமை இருக்கிறது.

பெற்றோரை அழைத்துச்செல்ல வடக்கு மோசமான இடமல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை வாழ்வதற்கென வடிவமைத்த வீவக வீடுகள் 2013இல் முதலில் விற்பனைக்கு வந்தது ஈசூனில்தான். கூட் டெக் புவாட் மருத்துவமனை 2010 முதல் ஈசூனில் இயங்குகிறது. பக்கத்திலேயே ஈசூன் சமூக மருத்துவமனையும் இருக்கிறது. உட்லண்ட்ஸ் ஹெல்த் மருத்துவ வளாகம் 2024இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அட்மிரல்டி ரயில் நிலையத்தை ஒட்டிய கம்போங் அட்மிரல்டியில் மூத்தோர் வீடுகளும் உணவங்காடி நிலையமும் மருத்துவ நிலையமும் பிள்ளைப் பராமரிப்பும் ஒரே கட்டடத்தில் உள்ளன. 2018இல் உலகின் சிறந்த கட்டடம் என்ற விருதை அது பெற்றது.

ஆனால் மூத்தவர்கள் இடம் மாறும்போது அவர்களுடைய அன்றாடமும் மாறுகிறது. காலையில் வீரமாகாளியம்மன் கோவிலுக்கு நடந்துபோய், வரும் வழியில் பூ வாங்கி, தெரிந்த நான்கு பேரிடம் தமிழில் பேசிவிட்டு வீடு திரும்பிய ஒருவருக்கு, பத்தாவது மாடியில் இருந்து பார்க்கும் நீர்த்தேக்கம் எவ்வளவு நாள் அழகாக இருக்கும்? அவரிடம் கேட்காமல் முடிவெடுக்கும் பிள்ளைகள்தான் அதிகம்.

தேக்கா எவ்வளவு தூரம்?

செம்பவாங்கிலிருந்து வடக்கு-தெற்கு ரயில் பாதையில் நியூட்டன் வரை பத்து நிறுத்தங்கள். அங்கே டௌன்டவுன் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. ரயிலில் மட்டும் முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். உட்லண்ட்சில் இருப்பவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து இன்னொரு வழி கிடைத்துள்ளது: தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் ஸ்டீவன்ஸ் வரை வந்து, டௌன்டவுன் பாதையில் இரண்டு நிறுத்தம். ஈசூனுக்கு ரயில் 1988இலும் செம்பவாங்குக்கும் உட்லண்ட்சுக்கும் 1996இலும் வந்தது. அதற்கு முந்தைய நாள்களை நினைத்துப் பார்த்தால் ‘உலு’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பது புரியும். கேன்பரா நிலையம் 2019இல் திறந்தது.

வாரத்துக்கு ஒருமுறை போய்வரப் பிரச்சினையில்லை. தினமும் நகரத்தில் வேலைக்குப் போகிறவர், முன்பைவிட ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் பயணம் செய்தால், மாதம் 22 வேலை நாளில் 22 மணி நேரம். மாதத்தில் ஏறத்தாழ ஒரு முழு நாளை ரயிலில் கழிக்கிறார். 850 வெள்ளி மிச்சத்தோடு இதையும் வைத்துப் பாருங்கள். உட்லண்ட்ஸ், அட்மிரல்டி, சிலேத்தார் பக்கம் வேலை உள்ளவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அவர்கள் இப்போதே வடக்கில் இல்லாமல் இருப்பதுதான் வியப்பு.

வெற்றிலை, முருங்கைக்காய், இட்லி மாவு, பூச்சரம் எல்லாம் வடக்கிலும் கிடைக்கின்றன. தேக்காவின் வகையும் விலையும் எதிர்பார்க்கக்கூடாது. கல்யாணம், வளைகாப்பு, தீபாவளித் துணி என்றால் எல்லாரும் சிராங்கூன் சாலைக்குத்தான் திரும்புகிறார்கள்.

வழிபாட்டுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ஈசூன் தொழிற்பேட்டையில் உள்ள புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம், கடற்படைத் தளத் தொழிலாளர் காலத்தில் கேன்பரா சாலைப் பக்கம் ஒரு மரத்தடி வழிபாடாகத் தொடங்கியது. பங்குனி உத்திரத்துக்கு அங்கே காவடிகள் வரும் நாளில் ஈசூனை ‘உலு’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஈசூனிலேயே ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயமும் உண்டு. மார்சிலிங்கில் ஸ்ரீ சிவ-கிருஷ்ணா ஆலயம். செம்பவாங் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையின் பெயரிலேயே அந்த ஊர் இருக்கிறது. பள்ளிவாசல்கள் வடக்கில் பல உள்ளன. 1963இல் கட்டிய செம்பவாங் மலாய்க் குடியேற்றப் பள்ளிவாசல், கம்பத்துப் பள்ளிவாசல்களில் எஞ்சி நிற்பது. மரங்களுக்கு நடுவே அதைப் பார்ப்பதே ஓர் அமைதி. தமிழில் வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு கேட்க விரும்புவோர் நகரப் பள்ளிவாசல்களுக்குப் போவதைத் தொடர நேரிடலாம்.

பிள்ளையின் தமிழ்

தொடக்கநிலை 1 சேர்க்கையில் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையேயான தூரம் முன்னுரிமை தரும். ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் முதலில், பிறகு இரண்டு கிலோமீட்டருக்குள். அந்த முகவரியைக் காட்டிச் சேர்ந்தால் குறைந்தது 30 மாதம் அங்கேயே குடியிருக்க வேண்டும். ஆகவே பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போதே எந்த வட்டாரம் என்று முடிவாகிவிட்டால் நல்லது.

பள்ளியின் பெயரைக் கேட்கும் பெற்றோர், அந்தப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. தமிழ் மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள பள்ளியில், தமிழ் வகுப்பு முடிந்ததும் தமிழ் முடிந்துவிடும்; திடலில் தமிழில் பேச ஆளில்லை. இது வடக்குக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. சொல்லப்போனால் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் ஈசூன், செம்பவாங், உட்லண்ட்சில் நிலைமை வேறு பல புதுநகர்களைவிட மேலாக இருக்கவும் வாய்ப்புண்டு. பள்ளிக்கு நேரில் போய்த் தமிழாசிரியரிடம் கேட்டுவிடலாம். பாலர் பள்ளியிலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். சீன மொழி மட்டும் கற்றுத்தரும் தனியார் பாலர் பள்ளிகள் எங்கும் உள்ளன.

தமிழ்வழிப் பள்ளிகளில் கடைசியாக எஞ்சியிருந்த உமறுப் புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. இன்று அந்தப் பெயரில் பீட்டி சாலையில் உள்ள தமிழ் மொழி நிலையம், தம் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் இல்லாத மாணவர்கள் போய்ப் படிக்கும் இடம். வடக்கிலிருந்து ஒரு பதின்ம வயதுப் பிள்ளை பள்ளி முடிந்து அங்கே வந்து, வீடு திரும்ப இருட்டிவிடும். உயர்நிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது தமிழ் அங்கேயே உண்டா என்று பாருங்கள்.

அமைதிக்கு எவ்வளவு ஆயுள்?

செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையும், சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் பிள்ளைகள் உடும்பைப் பார்த்து அலறுவதும், செம்பவாங் கடற்கரையில் தூண்டில் போடுவதும் தேக்காவில் கிடைக்காதவை. மீன்பண்ணைகளும் காய்கறிப் பண்ணைகளும் இருக்கும் கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம், இந்தத் தீவில் நாட்டுப்புறம் என்று சொல்ல மிச்சமிருப்பவற்றில் ஒன்று.

அடுக்குமாடிகளின் அமைதி வேறு கதை. செம்பவாங் விமானப்படைத் தளத்தின் ஹெலிகாப்டர்கள் ஈசூன், செம்பவாங் வானில் தாழ்வாகப் பறக்கும். பாய லேபார் தளத்துப் போர் விமானங்களின் இரைச்சல் வடக்கிலும் கேட்கும். அந்தத் தளம் 2030களில்தான் இடம்மாறத் தொடங்கும். மார்சிலிங், உட்லண்ட்ஸ் வாசிகளுக்கு வேறொரு தலைவலி. பள்ளி விடுமுறையிலும் பண்டிகைக் காலத்திலும் ஜோகூர் செல்லும் வாகனங்களால் சாலை அடைத்துக்கொள்ளும். உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து புக்கிட் சாகார் வரை 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் இணைப்பு மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றிச்செல்லும் என்பதால் அது குறையலாம். நிலையத்தைச் சுற்றி வீட்டு விலை ஏறவும் செய்யும்.

விலை ஏற்றம் இப்போதே தெரிகிறது. ஈசூனிலும் பெரிய வீடுகள் சில மில்லியன் வெள்ளியைத் தொட்டுவிட்டன. ஈசூனின் செஞ்சாருவில் 70 ஹெக்டேரில் ஏறத்தாழ 10,000 வீடுகள் வரவுள்ளன; முதல் பிடிஓ வீடுகள் 2024 ஜூனில் விற்பனைக்கு வந்தன. செம்பவாங் நார்த்திலும் ஏறத்தாழ 10,000 வீடுகளுக்குத் திட்டம் உள்ளது. நகரத்துக்கு 21.5 கிலோமீட்டர் நீளத்தில் வடக்கு-தெற்கு விரைவு வழித்தடம் கட்டுமானத்தில் இருக்கிறது. அது முடியும்வரை அதன் ஓரம் குடியிருப்போருக்குப் புழுதியும் சத்தமும்தான்.

வீடு பார்க்கப் போகும்போது முகவர் சன்னலைத் திறந்து காட்டும் பச்சைத் திடல், பூங்காவாக இருக்கலாம், அடுத்த பிடிஓ தளமாகவும் இருக்கலாம். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடத்தில் அந்த இடத்துக்கு என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்பதை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். வீட்டை ஒருமுறை காலை ஏழு மணிக்கும், ஒருமுறை வார நாள் இரவிலும் போய்ப் பாருங்கள். ஹெலிகாப்டரும் பேருந்து வரிசையும் அப்போதுதான் தெரியும். முடிந்தால் பாட்டியையும் அழைத்துச்செல்லுங்கள்.